சத்தம் போடாத பல் சக்கரம்

என் பிள்ளைகளுக்கு,

உங்கள் அத்தை கர்த்தரிடம் போய் இன்றோடு ஓராண்டு. பூசை முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் ஏன் தனியாகவே இருந்து போனார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

அத்தை பிறந்தது மணிமங்கலத்துக்குப் பக்கத்தில். எனக்கு மூத்தவர். சேரப்பணஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டார். உங்கள் மாமா ஒரு பழைய சீமை வேன் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்துக் கத்தரிக்காய், கீரை எல்லாம் அதில்தான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும். மஞ்சள் காமாலையில் மாமா போனபோது மகனுக்கு ஏழு வயது, மகள் அவனுக்கு இளையவள். அதன் பிறகு நான் வண்டி ஓட்டினேன். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து வருவார். ஏற்றுவது, இறக்குவது, மார்க்கெட்டில் சண்டை போடுவது எல்லாம் அவரேதான்.

ஒரு கோடையில் வண்டி நின்றது. இன்ஜினின் முன்பக்கத்தில் பைபரில் செய்த பல் சக்கரம் ஒன்று உண்டு, டைமிங் கியர் என்பார்கள். அதன் பற்கள் வரிசையாக உதிர்ந்துவிட்டன. அந்த வண்டி செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது.

மாமாவின் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார். "வண்டி இல்லாம ரெண்டு பசங்கள வெச்சிகினு இன்னா பண்ணுவ? மிஷன் ஆஸ்டல்ல வுட்டுடு. சோறாவது கெடைக்கும்."

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வண்டி ஓடும்," என்றார் அத்தை. "ஓடலன்னா நீங்க சொன்னா மாதிரி செய்யறேன்."

உடைந்த சக்கரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நானும் அவரும், சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை முழுக்க நடந்தோம். ஒரு கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வண்டி மியூசியத்துக்குப் போயிருக்கணுமேம்மா."

"மியூசியத்துக்காரன் காய் ஏத்துவானா? இருந்தா குடு. இல்லன்னா எங்க கீதுன்னு சொல்லு."

அவர் சிரித்துவிட்டு, வாலாஜாபாத்தில் ஒரு பாய் வீட்டில் இதே வண்டி ஓடாமல் நிற்பதாகக் கேள்வி என்றார். அத்தை அந்தக் கடைச் சுவரில் கரித்துண்டால் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினார். "எப்ப வந்தாலும் சொல்லி அனுப்புண்ணா."

மறுநாளே வாலாஜாபாத் போனோம். கொட்டகைக்குள் தார்ப்பாய் மூடி, செங்கல் மேல் தூக்கி நிறுத்தியிருந்தது எங்கள் வண்டியின் இரட்டை. அத்தைக்கு முகமே மலர்ந்துவிட்டது. "பாய், உள்ள ஒரே ஒரு சாமான் மட்டும் கழட்டிக் குடுங்க. வெல நீங்களே சொல்லுங்க," என்று பையைத் திறந்து காட்டினார்.

பாய் பார்த்தார். வீட்டுக்குள் போனார். ஒரு சாக்குப் பையோடு வந்து அதைக் கவிழ்த்தார். அதே சக்கரம். அதே போல் பல் உதிர்ந்தது.

"சேரப்பணஞ்சேரில ஒண்ணு ஓடுதுன்னு தெரியும் தங்கச்சி. அது எப்ப நிக்கும், எப்ப போய் இத கேக்கலாம்னு காத்துகினு இருந்தேன்."

"எங்க வண்டி நிக்கணும்னு துவா பண்ணீங்களா?"

"நிக்கணும்னு பண்ணல. நின்னா எனக்கு சேதி வரணும்னு பண்ணேன். சேதி பையத் தூக்கினு நேராவே வந்துடுச்சி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டீ கொடுத்தார்கள், குடித்தோம்.

பிறகு குரோம்பேட்டையில் ஒரு லேத்தில் இரும்பில் செய்து வாங்கினோம். பைபர் என்பதால்தானே உடைந்தது, இரும்பு என்றால் ஆயுசுக்கும் ஓடும் என்று எல்லாருமே நம்பினோம். வண்டி ஓடியது. ஆனால் அது போட்ட ஊளையில் தெருவே விழித்துக்கொண்டது. "நல்ல சக்கரம் சத்தம் போடாதுடா," என்று அத்தை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். சில வாரங்களில், படப்பை தாண்டி, கத்தரிக்காய் மூட்டைகளோடு இன்ஜின் இறுகி நின்றது. இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. பக்கத்தில் இருந்த சக்கரமும் போயிற்று. அது வேறு எங்கே தேட?

பள்ளிக்கூடம் திறந்தது. அத்தை சொன்ன சொல் தவறவில்லை. ஆஸ்டல் வாசலில் பிள்ளைகளிடம், "வண்டி ஓடினதும் அம்மா வந்து கூட்டிகினு போறேன்," என்றார்.

வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போனது. அத்தை தலையில் கூடையோடு பஸ்ஸில் காய் விற்கப் போனார். ஆஸ்டலுக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் மகன், "வண்டி ஓடுதாம்மா?" என்பான். ஒருமுறை கேட்கவில்லை. "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றான். அங்கே அப்படிப் பழக்குவார்கள், தப்பில்லை. அன்று வீட்டுக்கு வந்து அத்தை, "என்னப் போயி வாங்கன்னு கூப்புடறான்டா," என்றார். மகனுக்கு வடக்கே வேலை, மகளுக்குத் தெற்கே டீச்சர் வேலை. பணம் ஒழுங்காக அனுப்பினார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை.

பல வருடம் கழித்துப் புதுப்பேட்டைக் கடைக்காரர் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். சக்கரம் வந்திருக்கிறது, புதுசு. "வண்டியே இல்லியே, எதுக்குக்கா?" என்றேன்.

"பாய் வண்டி நின்னுகினு தானே கீது? அவருக்காவது ஓடட்டும்."

வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். பாய் அதை மாட்டி, வண்டியைக் கிளப்பி, "ஒரு ரவுண்டு வா தங்கச்சி," என்றார். அத்தை ஏறவில்லை. "வேணாம் பாய். எறங்க மனசு வராது."

கடைசியில் வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தந்தி கொடுத்தேன். இருவரும் கிளம்பி வந்துகொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்துவிட்டது.

அத்தையை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், ஜெபம் சொன்ன பங்குச் சாமியாருக்கும், சுவரில் எழுதிய ஊரை மறக்காத கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பாய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சேதி கேள்விப்பட்டு, யாரும் சொல்லாமலே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்தவர் அவர். நாங்கள் வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். வண்டி வந்த சத்தமே யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அத்தையின் பழைய வேனைப் போலவே ஒன்று வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து மகனும் மகளும் இறங்கினார்கள்.