பேத்தியின் எட்டு வெள்ளைப் பற்கள்

என் பேத்தி சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். எல்லாம் விழுந்து பல்செட் வந்த பிறகுதான் நான் அழகானேன்.

கடல் தாண்டி அக்கரையில், பாகான் டாலாமில் ஒரு பெண், வீட்டிலேயே பல்லின்மேல் மெல்லிய வெள்ளை ஓடு ஒட்டுகிறாளாம். வெனீர் என்று பெயர். பேத்தியோடு நானும் ஃபெரி ஏறினேன். எனக்கு ஃபெரி என்றால் உயிர். அக்கரை வரும்வரை வறுத்த வேர்க்கடலை தின்றேன். அந்தப் பெண்ணின் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட தாள் ஒன்று தொங்கியது. எனக்கு எழுத்துத் தெரியாது. தங்க முத்திரையைப் பார்த்து, பெரிய படிப்பு என்று நம்பிவிட்டேன். சாயங்காலத்துக்குள் எட்டுப் பல்லையும் ராவி ஒட்டிவிட்டாள்.

திரும்பி வரும்போது பேத்தி கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாசாரில் மீன்காரர்வரைக்கும் நிறுத்திக் காட்டினேன்.

"செவுளத் தூக்கிக் காட்டுற மாதிரி காட்டாத லா, பாட்டி."

பல் அமைந்த சந்தோஷத்தில், தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு போடுவதாக வேண்டிக்கொண்டாள். விரத நாட்களில் ஈறில் ரத்தம் கசிந்தது. உடம்புச் சூடு என்று பார்லித் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் இடத்தில், அலகு குத்துகிறவர் அவளை நாக்கை நீட்டச் சொன்னார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கையில் எடுத்த அலகைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இந்த வாயில குத்த மாட்டேன்மா. உள்ள அழுகுது. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க."

சுற்றிலும் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கை வாய்க்குப் போனது.

பல் டாக்டர் ஓடுகளைக் கழற்றினார். உள்ளே நொய்யரிசி போலக் கொஞ்சம் பல் மிச்சமிருந்தது.

"ராவுனது திரும்ப வளராதும்மா. முன்னால நாலு நிக்காது. எடுத்துடணும்."

வெளியே வந்ததும், "எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா அந்தத் தாளப் படிச்சிருப்பேனே" என்றேன்.

"நான் படிச்சேன் பாட்டி. கண்ணுக்கு இமைமுடி ஒட்டக் கத்துக்கிட்டதுக்குக் குடுத்தது லா அது."



இப்போது எங்கள் குளியலறையில் இரண்டு கிளாஸ் இருக்கின்றன. பூப்போட்டது என்னுடையது, மாறிவிடக் கூடாதே. அவளுக்கு இருபத்துநான்கு வயது. பல்செட் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது, என்னுடையதைவிட வெள்ளை. அதை மாட்டிக்கொண்டும் அவள் கையை வாயிலிருந்து எடுப்பதில்லை.