நான் வேண்டாமென்று சொன்ன கல்லூரியில் என் பேத்தி படிக்கிறாள்

சென்ற வருடத்துக்கு முந்திய வருடம் ஆகஸ்ட் மாதம், பரீட்சை முடிவு வந்த வியாழக்கிழமை காலையில், என் மகளின் மகள் ஜெனிற்றா கைபேசியைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றாள். கணிதத்தில் ஒரு தரம் குறைந்துவிட்டது. பொறியியல் படிப்பதற்கு அவள் கேட்டிருந்த பல்கலைக்கழகம் அவளை நேரடியாக எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

ஆனால் இன்னொரு வழியைக் காட்டியது. முதல் இரண்டு வருடமும் எங்கள் பகுதிக் கல்லூரியில் வகுப்பு. பெயர் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் ஒரே நேரத்தில் பதிவாகும். கிழமையில் ஒரு நாள் பல்கலைக்கழக ஆய்வுகூடம். பிறகு முழுதாக அங்கே போய்ப் பட்டத்தை முடிக்கலாம்.

அந்தக் கல்லூரியை எனக்குத் தெரியும். இலங்கையில் வீதித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த நான், அகதியாக லண்டனுக்கு வந்து குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற காலத்தில், அங்கேதான் ஆங்கில வகுப்புக்கு அனுப்பப்பட்டேன். என் பெயரையும் விலாசத்தையும் எழுதப் பழக்கினார்கள். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவே இல்லை. என் பேத்தி அந்த வாசலால் போகக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

இனி எழுதப்போவது நம் சபையின் பாக்கியம் அக்காவுக்கும் என் வீட்டாருக்கும் மட்டுமே தெரியும். சபையார் அனைவரும் அறியட்டும்.

தான் இல்லாத நேரத்தில் தனக்காகப் பேசக்கூடியவர் என்று ஜெனிற்றா விண்ணப்பத்தில் என் பெயரைக் கொடுத்திருந்தாள். இடத்தை உறுதிப்படுத்தக் கல்லூரியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். "அவள் வரமாட்டாள், பெயரை எடுத்துவிடுங்கள்" என்றேன். நல்ல ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னேன். அவளிடம் இடம் நிரம்பிவிட்டதாம் என்று பொய் சொன்னேன்.

"இட்ஸ் ஓகே அம்மப்பா. அடுத்த வருசம் பாப்பம்" என்றாள்.

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. மோர்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் எது பழுதானாலும் கழற்றிப் பார்க்கிற பிள்ளை, குறடும் சுத்தியலும் வைத்திருந்த ஆயுதப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். வேறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுப் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை. அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, பேத்திக்கு ஒரு நல்ல இடம் கிடைக்க ஜெபியுங்கள் என்று கேட்டேன். கர்த்தர் திறந்த கதவை என் கையாலேயே சாத்திவிட்டு, திறக்கச் சொல்லி உங்களை மன்றாட வைத்தேன். நீங்கள் உண்மையாக ஜெபித்தீர்கள். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் சீனி வருத்தக்காரியான பாக்கியம் அக்கா, நான்கு வெள்ளி உபவாசம் இருந்தார். நான்காவது வெள்ளி, கூட்டத்தின் நடுவே மயங்கிச் சரிந்தார். சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தோம்.

கண் திறந்ததும் என்னைத்தான் கேட்டார்: "தம்பி, பிள்ளைக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

என்னால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் விலகியதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் நாலு வெள்ளியும் பட்டினி கிடந்தது உம்மட வாயைத் திறக்கத்தானோ?" என்றார். பிறகு, "எனக்கு முன்னால அழுது காரியமில்லை. போய்ப் பிள்ளையிட்டச் சொல்லும்" என்றார்.

மறுநாள் சொன்னேன். அப்போதுதான் வேலையால் வந்தவள், கடைச் சீருடையோடு கேட்டுக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அம்மப்பா" என்றாள். அதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் வந்து, "வெளிக்கிடுங்கோ. காலேஜுக்குப் போறம். நீங்கள்தான் சொல்லவேணும்" என்றாள். வகுப்புகள் தொடங்கி ஒரு கிழமையாகியிருந்தது.

காத்திருந்த கதிரையில் ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு அவமானம் வரட்டும். அவளுடைய இடத்தை மட்டும் திருப்பித் தாரும்." அந்த மாதத்தில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அது.

பதிவு மேசையில் இருந்த பெண்ணிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கணினியில் தேடினார். கல்லூரிப் பட்டியலில் பெயர் இல்லை, இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்றார். ஜெனிற்றா தலையைக் குனிந்துகொண்டாள். நான் உள்ளுக்குள் ஜெபித்தபடியே நின்றேன். அந்தப் பெண் என்ன நினைத்தாரோ, பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது.

"இவருடைய பெயர் அங்கே இன்னும் இருக்கிறது. மாணவர் இலக்கம்கூடக் கொடுத்துவிட்டார்கள்" என்றார்.

நான் அன்று தொலைபேசியில் சொன்னது கல்லூரிப் பக்கத்துப் பெயரை மட்டுமே அழித்திருந்தது. இரண்டு இடத்தில் பதிவு, அரைகுறைப் படிப்பு என்று எதை இளக்காரமாக நினைத்தேனோ, அதுவே அவளைக் காப்பாற்றியது. பதிவு மூட இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. "வகுப்பில் ஒரு கதிரையைக் கூடப் போடுவோம்" என்று அந்தப் பெண் சிரித்தார். அலுவலகக் கவனக்குறைவு என்று சொல்வோர் சொல்லட்டும். நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஜெனிற்றா இப்போது இரண்டாம் வருடம். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயோடு வருகிறாள். போன மாதம் வெம்பிளியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மகனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், "பேத்தி எந்த யூனி?" என்று கேட்டார். கல்லூரியின் பெயரை முதலில் சொன்னேன்.

"காலேஜோ?" என்று முகத்தைச் சுழித்தார்.

"ஓம், காலேஜ். யூனியும்தான். ரெண்டிலயும் அவளின்ர பேர் இருக்கு. உங்கட மகனுக்கு ஒண்டுதானே?" என்றேன்.

இந்த வசந்தத்தில் அவளுடைய வகுப்பு, மரக்கீற்றால் சிறு பாலங்கள் கட்டிப் பாரம் ஏற்றிச் சோதித்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அவளுடைய குழுவின் பாலம்தான் கடைசிவரை நின்றது. நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் தன் ஆசிரியரை அழைத்து வந்து, "இது என் அம்மப்பா. இவரும் எஞ்சினியர்" என்றாள். இந்த நாட்டில் என்னை யாரும் அப்படி அறிமுகப்படுத்தியதில்லை. அவள் என்னை முழுதாக மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அந்த அறிமுகத்துக்கு நான் தகுதியானவனும் அல்ல. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் கை கொடுத்தேன்.

சகோதரரே, சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நீங்கள் நினைக்காத ஒரு வாசலைக் கர்த்தர் காட்டலாம். அது சிறியதாகத் தெரியலாம். நம்புங்கள். அவரிடம் கேளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள்.