மீசை வைத்த கிருமி

வீடு வீடாகப் போய் ரத்தம் பார்க்கிற லேப் அக்காவுக்கு ஆபீஸில் கொடுத்தது கையடக்க மைக்ராஸ்கோப் மட்டும்தான். அதன் தலையில் மாட்டுகிற செல்போன் அவளுடைய சொந்தப் போன். ஆகவே மலேரியாக் கிருமியும், போனில் கூப்பிடுகிற அவள் வீட்டுக்காரரும் ஒரே திரையில்தான் வந்து தொலைக்க வேண்டும்.

அன்றைக்குக் காய்ச்சலில் சுருண்டு கிடந்த லாரி டிரைவரின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துப் பார்த்தாள். டிரைவரும் தலையைத் தூக்கித் திரையை எட்டிப் பார்த்தார். வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள் தெரிந்தன. திடீரென்று போன் கிடுகிடுவென்று அதிர்ந்தது. அணுக்கள் காணாமல் போய், திரை முழுக்க ஒரு மீசைக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயையோ, இதுவா என் உடம்புல இருக்கு?" என்றார் டிரைவர்.

"உங்க உடம்புல இல்லண்ணே, எங்க வீட்ல இருக்கு. மிக்சி மூடி எங்கேன்னு கேக்கும்," என்று அழைப்பை வெட்டினாள்.

அணுக்கள் திரும்பி வந்தன. ஒன்றுக்குள் மோதிரம் மாதிரி கிருமி உட்கார்ந்திருந்தது.

"மலேரியாதான். மாத்திரை போட்டா போயிடும்."

டிரைவருக்கு உயிர் வந்தது. "அப்போ அந்த மீசைக்கு?"

"அதுக்கு மாத்திரை இருந்தா, இத்தனை வருஷம் நான் சும்மா இருந்திருப்பேனாண்ணே?"