காளவாய்க் காற்று

சுண்ணாம்புக் காளவாயின் பக்கவாட்டில் இரும்புக் குழாயைச் செருகி, அதில் வரும் காற்றைப் பம்பால் மோட்டார் டியூப்பில் அடைக்கிறார் லூர்துசாமி. உப்பிய டியூப்புகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் நடக்கும்போது சிம்பாங் பூலாயில் சிரிக்காதவர் இல்லை.

"என்னா அண்ணே, மாலையும் கழுத்துமா? பொண்ணு எந்த ஊரு?" என்பாள் சுண்ணாம்பு சுமக்கும் நவமணி.

"சிரி, சிரி. மூச்சு இருக்கிற வரைக்கும் சிரி," என்பார்.

ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றுவது அவர் தொழில். திராவகம் தின்ற விரல்கள். சட்டை முழுக்க ஓட்டைகள். தைத்துக் கொடுக்க ஆள் இல்லை.

பாறை வேகும்போது வெளியாகும் காற்று கனமானது. பள்ளத்தில் தேங்கும்; மூச்சுக்கு ஆகாது. ஆனால் காளவாயின் பின்புறப் பள்ளம் கதகதப்பாக இருக்கும் என்று மழை நாட்களில் ஒதுங்க வேறு இடமில்லாத கூலிகள் அங்கேதான் சாக்கு விரிப்பார்கள். சென்ற ஆண்டு அப்படிப் படுத்த இருவர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி அங்கே சுண்ணாம்பு சுமந்த அவர் மனைவி எல்ஸி. மற்றவனுக்கு, கூடச் சுமந்த நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அந்தக் காற்றை மேலே வெளியேற்றக் காளவாய்க்கு மூடியும் குழாயும் போடும்படி, தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீன முதலாளியிடம் லூர்துசாமி கெஞ்சினார். "ஆப்பா உந்தோங்?" என்றார் தவுக்கே. அதில் என்ன லாபம் என்று அர்த்தம்.

அந்த லாபத்தைத் தேடித்தான் இந்த டியூப் சுமப்பு. காளவாய்க் காற்றைச் சோடா உப்பு நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் எறும்புத் திராவகம் என்கிற ஃபார்மிக் ஆசிட் உண்டாகும் என்று, கார் பழுதுபார்க்க வந்த கெமிஸ்ட் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ரப்பர் பாலை உறைய வைக்கத் தோட்டங்கள் கப்பலில் வரவழைக்கும் அதே திராவகம். பாலை உறைய வைத்துக் காட்டினால் மூடி போடுவதாகத் தவுக்கே ஒப்புக்கொண்டார்.

பழைய பாட்டரிகளோடு மாதக்கணக்கில் மல்லாடிவிட்டு, சென்ற வாரம் மங்கு என்கிற கிண்ணம் ஒன்றில் இருந்த ரப்பர் பாலில் தாம் தயாரித்த நீரை ஊற்றி வைத்தார். விடிந்ததும் பால் வெள்ளைக் கட்டியாகியிருந்தது. தவுக்கேயின் எதிரில் மங்கைக் கவிழ்த்துக் காட்டினார்.

முன்பு தோட்டத்தில் பால்மரம் சீவியவரும் இப்போது எங்கள் கங்காணியுமான மண்டோர் ராமையா, இன்னொரு மங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் கவிழ்த்தார். அதிலும் கட்டி.

"இதுல ஒண்ணுமே ஊத்தலலா. ஒரு ராத்திரி வச்சா பால் தானாவே உறையும். தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும் இது. சீக்கிரமா உறையத்தான் திராவகம் ஊத்துறது, மச்சான்."

பால்மரக் காட்டில் ஒரு நாளும் வேலை செய்யாதவர் லூர்துசாமி. புதுப் பால் வாங்கி வரச் செய்து தம் நீரை மறுபடி ஊற்றினார். எல்லாரும் நின்று பார்த்தோம். பால் பாலாகவே இருந்தது. தவுக்கே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிற்பகலில் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பள்ளத்தில் இடம் பிடிக்க வந்தாள் நவமணி.

"அண்ணே, மழ எறங்கப் போவுது. கொஞ்சம் நவுருங்க."

லூர்துசாமி பள்ளத்துக்கு இறங்கும் வழியில், குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தார்.