‘அப்புறம் சொல்றேன்’ ஐயா

போன வாரம் போடிமெட்டில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். இறங்கி, ஒரு டீ வாங்கி ஊதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

“நீங்க ‘அப்புறம் சொல்றேன்’ ஐயாதான?”

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் என் பெருமைகளை எவ்வளவோ அவிழ்த்துவிட்டிருக்கிறேன்... இந்தப் பட்டப்பெயரை மட்டும் உங்களிடம் மறைத்துவிட்டேன். கூப்பிட்டது முத்துக்கிளி. பெயர் வைத்த புண்ணியவதியும் அவர்தான்.

ஐந்தாறு வருஷம் முன்பு, 1972-லோ 73-லோ, நான் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். முத்துக்கிளி அங்கே கொழுந்து எடுப்பவர். அவர் உட்பட ஐந்து குடும்பங்கள் மூன்றாம் நம்பர் லயத்தில் இருந்தன. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அறைகள். மழை வந்தால் உள்ளேயும் மழை.

நிர்வாகம் அவர்களுக்காக மேட்டில் புது வீடுகள் கட்டியது. வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய். யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ்காரர்களுக்கு என்று பேச்சு. “நீரே சொல்லிவிடும்” என்று மேனேஜர் என்னிடம் விட்டுவிட்டார்.

சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? எனக்கோ ஒரு ஆசை. கடைசி நாளில் சாவிகளைத் தாம்பாளத்தில் வைத்து, நானே எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாரும் கண்கலங்க வேண்டும். தலைவன் என்றால் கொஞ்சம் சஸ்பென்ஸ் வேண்டாமா!

அதனால் காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற நேரத்தில், இவ்வளவுதான் சொன்னேன்: “மூணாம் நம்பர் லயத்தை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். மத்ததை அப்புறம் சொல்றேன்.”

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன கட்டுப்பாடு பாருங்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

இரண்டு வாரம் கழித்து, லயத்துச் சாமிக்குப் பூஜை போட அரை நாள் லீவு கேட்டார்கள். தாராளமாகக் கொடுத்தேன். போதாததற்கு நானும் போனேன். மரத்தடிக் கல்லுக்குப் பொங்கல் வைத்தார்கள். முதல் தேங்காயை என்னிடமே நீட்டினார்கள், உடைத்தேன். முத்துக்கிளி அழுதபடியே ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். பக்திதான் என்று நினைத்தேன்.

மறுநாள் பெரட்டில் ஐந்து குடும்பமும் இல்லை. ஜீப் டிரைவர் கருப்பையாவிடம் பூஜையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“பிடிமண்ணா எடுத்தாங்க? சார், ஊரை விட்டே போறவங்கதான் சாமியை மண்ணா எடுத்துட்டுப் போவாங்க. போற இடத்துல அதை வச்சுக் கோயில் கட்டுவாங்க.”

நான் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரன். எங்கள் தெருவில் சாமி தேரில் போவார், மஞ்சள் துணியில் போவது எனக்குத் தெரியாது. அவர்களை வழியனுப்ப நானே தேங்காய் உடைத்திருக்கிறேன்!

ஜீப்பில் விரட்டிப் பிடித்தது இதே போடிமெட்டில். மூட்டைகள் மேல் உட்கார்ந்து போடி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். முத்துக்கிளி மடியில் அந்த மஞ்சள் முடிச்சு.

“ஏன் என்னைக் கேட்கவில்லை?” என்றேன்.

“அப்புறம் சொல்லுதேன்னவர்கிட்ட எப்படிக் கேக்க? தோட்டத்தை வித்தாச்சுன்னாக, தமிழ்க்காரங்களை மலையிறக்கப் போறாகன்னாக. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுததுக்கு முன்னால நாமளே மரியாதையா இறங்கிருவோம்னு வந்துட்டோம்.”

மேட்டு வீடுகளைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். சாவி, குழாய், தாம்பாளம்... எல்லாம். வீடு என்றதும் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். முத்துக்கிளி எழவில்லை.

“சாமி இறங்கி வந்துருச்சு ஐயா. இனி சும்மா திரும்பப்படாது. இதை எங்க வைக்கட்டும்? இப்பவே சொல்லுங்க.”

அப்புறம் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். “புது வீடுகளுக்கு முன்னால. இடம் நான் தர்றேன்” என்றேன். அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது. அதற்காக மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எல்லாரும் திரும்பினார்கள். முத்துக்கிளியின் பசு மட்டும் திரும்பவில்லை. கிளம்புகிற அவசரத்தில் வழியில் வந்த வியாபாரியிடம் அதைப் பிடித்துக் கொடுத்திருந்தார். புது வீட்டுக்குப் பின்னால் அவர் போட்ட கொட்டகை வெகுநாள் காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

பெரிய மாற்றம் வரும்போது தலைவர்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்? ரகசியம் காக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்தால் ஏமாளி. பாதிப் பேர் என்னைப் போலத் தாம்பாளம் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் ஜனங்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டு மூட்டை கட்டிவிடுவார்கள்.

ரேடியேட்டர் ஆறியது. முத்துக்கிளி எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். கையில் பெரிய பை, முகத்தில் சிரிப்பு.

“எங்கே போறீங்க முத்துக்கிளி, ஏதும் விசேஷமா?” என்றேன்.

“அப்புறம் சொல்லுதேன் ஐயா.”

பஸ் போய்விட்டது. இன்றுவரை மண்டை குடைகிறது.