உடையாத மட்டை

பழைய மட்டை இனி உதவாது என்று சான்று பெற்ற பிறகே புதியது வழங்கலாம் என்பது திண்டிவனத்தில் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் விதி. அங்கே டேபிள் டென்னிஸ் பழகிய என் பன்னிரண்டு வயது மகளுக்கு, விழுப்புரம் போட்டிக்குள் ஸ்பாஞ்சு ரப்பர் ஒட்டிய மட்டை வேண்டும். மன்றம் தந்திருந்த மட்டையில் பந்து வழுக்கியது. மட்டை மட்டும் உடையவில்லை. முறைப்படி விண்ணப்பித்துவிட்டு, அவளைக் காத்திருக்கச் சொன்னேன்.

“அது ஒடையற வரைக்கும் நான் தோத்துக்கினே இருக்கணுமாப்பா?”

பழைய ரப்பரை உரித்துவிட்டு, மதராஸிலிருந்து வரவழைத்த ஸ்பாஞ்சு ரப்பரைச் சைக்கிள் கடைப் பசையால் நானே ஒட்டினேன். மன்றச் சொத்தைச் சிதைப்பதற்கு என்ன தண்டனை என்பதும் எனக்கு மனப்பாடம்.

மட்டை நல்ல நிலையில் இருப்பதால் மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்தது. எனக்கும் அதே கருத்துதான். அது வந்த நாள், அவள் விழுப்புரத்திலிருந்து இரண்டாம் பரிசோடு திரும்பியதற்கு மறுநாள்.