சோப்பு போடக்கூடாத பாட்டில்

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களுக்குச் சோப்பு போடக்கூடாது. வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். துளி சோப்பு ஒட்டியிருந்தாலும், மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதைத்தான் காட்டும், புரதத்தைக் காட்டாது. வெறும் தண்ணீரில் அலசியதைச் சுத்தம் என்று நம்ப, ஆம்பூர்க்காரி எனக்கு மூன்று வருஷமாகியும் மனம் வரவில்லை.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், சுழலும் டிரம்மில் தோல் ஏற்றுபவர். வேலை விட்டு வந்ததும் தோல் வாடை போகச் சிவப்புச் சோப்பை இரண்டு முறை தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். நான் வேலூரில் கல்லூரி சேர்ந்த பிறகு ஒருநாள், “இன்னொரு தபா குளிச்சிட்டு வாப்பா, ஃப்ரண்ட்ஸ் வர்றாங்க” என்றேன். சோப்பை எடுத்துக்கொண்டு மறுபடி பின்பக்கம் போனார். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் விமானம் ஏறியபோது, “அங்க கெடைக்குமோ இன்னாவோ” என்று அதே சோப்பில் நாலு கட்டி பெட்டியில் வைத்தவரும் அவர்தான்.

என் புரதம் பன்னிரண்டு துண்டுகள் வளையமாகக் கூடியது. அதற்கு மின்னூட்டம் கொடுத்து, வாயு நிரம்பிய குழாயில் ஓட்டுவோம். சந்தைக் கூட்டத்தில் குடையை மடக்கியவன் சீக்கிரம் வெளியே வருவான், விரித்தவன் இடிபட்டுத் தாமதமாக வருவான். அப்படித்தான், வந்துசேரும் நேரத்தை வைத்து வளையம் குலையாமல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்போம். உதவித்தொகை முடிய ஒரு மாதமே இருந்தது. கையில் அந்தப் புரதத்தின் கடைசிக் குப்பி. இதிலும் வளையம் தெரியாவிட்டால் முனைவர் பட்டமும் இல்லை, விசாவும் இல்லை.

அன்று கரைசல் ஊற்ற வைத்திருந்த காலிப் பாட்டிலை மோந்து பார்த்தேன். ஏதோ வாடை அடிப்பதுபோல இருந்தது. பாழாய்ப்போன கை, பையிலிருந்த சிவப்புச் சோப்பை எடுத்துவிட்டது. பாட்டிலைத் தேய்த்துவிட்டு நன்றாக அலசினேன் என்றுதான் நினைத்தேன். திரையில் சோப்புதான் மலை மலையாக எழுந்தது. வளையம் இல்லவே இல்லை, குப்பியும் காலி. பேராசிரியை தோளைத் தட்டி, “பரவாயில்லை, நடப்பதுதான்” என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன், மடைச்சி. மறுநாள் கருவியில் என் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். “சோப்பு போட்டதால எல்லாம் போய்ட்ச்சிப்பா.”

“சோப்பால போவுமா? நான் இத்தினி வருஷமா ஜாஸ்தியாவே போட்டுத் தேச்சிருக்கேன், எனக்கு இந்த வாடகூட போவலியேம்மா” என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். பிறகு மெதுவாக, “நீ வந்துடு. நல்லா குளிச்சிட்டே ஏர்போர்ட்டுக்கு வர்றேன். தள்ளியே நிக்கிறேன்” என்றார்.

குளிக்காமலே வாப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். வரும் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பாதி கட்டிய பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கையில் சோப்பின் மிச்சம். அதை இங்கே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்கவும் முடியவில்லை.